எந்தக் கோடு போட்டாலும் பாகைமானியில் 37, பைதானில் வேறு வேறு கோணம். எங்கே பிழை?

வெள்ளவத்தைப் பொடியன் | ஞாயிறு இரவு 9.10

வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பில் ஓர் ஒப்படை. 2022இல் இலங்கை ரூபாய் விழுந்ததை மேட்பிளாட்லிப்பில் (பைதான் நிரலில் வரைபு போடும் நூலகம்) வரைபாக்கி, கோட்டின் மேலேயே அதன் கோணத்தை எழுதிக் காட்ட வேண்டும். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய், மே நடுப்பகுதியில் 360 ரூபாய், இடையில் 70 நாள் என்று சில்லறையை விட்டு முழு எண்ணாக வைத்துக்கொண்டேன். இரண்டு புள்ளி, ஒரு நேர்கோடு. 160ஐ 70ஆல் வகுத்தால் படித்திறன் 2.2857.

மேத் மாட்யூலில் உள்ள ஏடானுக்கு (படித்திறனைக் கொடுத்தால் கோணம் தரும் ஃபங்ஷன்) அதைக் கொடுத்தேன். 1.158 வந்தது. ஒரு பாகைதானா என்று குழம்பிப்போய், பிறகுதான் அது ஆரையன் என்று விளங்கியது. பாகையாக்கும் டிகிரீஸ் போட்டதும் 66.37. சரி என்று அதையே ரொட்டேஷனுக்குக் கொடுத்து எழுத்தைத் திருப்பினேன். எழுத்து கோட்டை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கோடு அவ்வளவு செங்குத்தாக இல்லவே இல்லை.

சந்தேகம் வந்து, தங்கையின் கணிதப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தேன். (சிரிக்க வேண்டாம்.) 37க்குக் கொஞ்சம் குறைவு. 70 நாளை 7ஆல் வகுத்துக் கிழமையாக்கி 10 என்று போட்டேன். பைதான் 86.42 என்கிறது, பாகைமானி அதே 37. மணித்தியாலமாக்கி 1680 போட்டேன். பைதான் 5.44. பாகைமானி திரும்பவும் 37!

இது என்ன பேய்? யார் சொல்வது சரி?


கொட்டாஞ்சேனைக் குசும்பன் | ஞாயிறு இரவு 9.31

தம்பி, திரையில் பாகைமானி வைத்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். வீட்டில் திரை கீறாமல் இருந்தால் சரி.

ஏடான் போட்டு டிகிரீஸ் போட்டால் வருவதுதான் கோணம். பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். 66.37 என்று எழுது, எழுத்தை மட்டும் கையால் 37 என்று திருப்பிவிடு. கோணமும் சரி, பார்வைக்கும் சரி. வேலை முடிந்தது, போய்ப் படு.


கரையோர ரயில் | ஞாயிறு இரவு 10.05

குசும்பன் சொன்னபடி செய்தால் இன்றைக்குத் தப்பலாம். நாளைக்குப் படத்தின் அளவை மாற்றினால் மறுபடி எழுத்து வேறு, கோடு வேறு என்று நிற்கும்.

தம்பி, பேய் ஒன்றும் இல்லை. அந்த 37 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். மேட்பிளாட்லிப்பில் அளவு எதுவும் சொல்லாமல் ஒரு படம் திறந்தால் அது 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். அதில் இடப்பக்க ஓரம் 0.125, வலப்பக்கம் 0.9 வரை, கீழே 0.11, மேலே 0.88 வரை. ஆகவே வரைபுப் பெட்டியின் அகலம் 6.4இல் 0.775 பங்கு, அதாவது 4.96 அங்குலம். உயரம் 4.8இல் 0.77 பங்கு, 3.696 அங்குலம்.

நீங்கள் ஒரே ஒரு கோட்டைப் போட்டு எல்லைகளைச் சொல்லாமல் விட்டால், அதுவே தரவுக்கு ஏற்ப இரண்டு அச்சையும் இழுத்துக்கொள்ளும். நாலு பக்கமும் 5 சதவீதம் இடம் விட்டு, கோட்டை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை நோக்கி விரித்துவிடும். 70 நாளோ 10 கிழமையோ 1680 மணித்தியாலமோ, பெட்டியின் மூலைவிட்டம் ஒன்றுதானே? 3.696ஐ 4.96ஆல் வகுத்தால் 0.745. அதன் ஏடான் 36.69 பாகை. உங்கள் பாகைமானி நல்ல பாகைமானி, தங்கையிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.

ஏறுகிற கோடு எதை இப்படித் தனியாகப் போட்டாலும் 36.69தான் வரும். இறங்குகிற கோடு என்றால் மறை (மைனஸ்) 36.69. படுகிடையான கோடும் நேர் செங்குத்தான கோடும் மட்டும் இதற்கு விலக்கு.

ஆக இங்கே இரண்டு கோணம் இருக்கிறது. ஒன்று தரவின் கோணம், மற்றது தாளின் கோணம். பைதான் சொன்னது முதலாவது, பாகைமானி அளந்தது இரண்டாவது. எழுத்தைத் திருப்ப உங்களுக்குத் தேவை இரண்டாவதுதான். அதை எடுக்கும் வழி: இரண்டு புள்ளிகளையும் அச்சின் டிரான்ஸ்டேட்டாவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மிடம் கொடுங்கள். அது ரூபாய், நாள் எல்லாவற்றையும் பிக்சலாக்கித் தரும். பிக்சல் வித்தியாசங்களை வைத்து ஏடான்2 (இரண்டு வித்தியாசங்களையும் தனித்தனியே வாங்கும் ஏடான்) போடுங்கள்.


இணைந்த கணிதம் ரீச்சர் | திங்கள் காலை 6.20

கரையோர ரயில் நன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த "தரவின் கோணம்" என்ற சொல்லை நான் அப்படியே விட மாட்டேன்.

தம்பி, 2.2857 என்றீர்கள். 2.2857 என்ன? நாளொன்றுக்கு 2.2857 ரூபாய். அலகோடு கூடிய ஓர் எண். தாஞ்சன் (டான்) என்பது அலகில்லாத எண். எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுக்கும்போது இரண்டும் ஒரே சாதியாக இருந்தால்தான் அலகு வெட்டுப்பட்டுப் போகும். ரூபாயை நாளால் வகுத்துவிட்டு ஏடானுக்குள் தள்ளினால் பைதான் வாய் திறந்து கேட்காது, பாவம், அதற்கு எண் மட்டும்தான் தெரியும். கேட்க வேண்டியது நாங்கள்.

நீங்களே செய்து பார்த்துவிட்டீர்களே: மணித்தியாலத்தில் 5.44, நாளில் 66.37, கிழமையில் 86.42. வருடத்தில் போட்டால் 89.93 வரும். ரூபாய் விழுந்த விழுகை ஒன்றுதான். அலகை மாற்றினால் கோணம் மாறுகிறது என்றால் அந்தக் கோணம் எதையும் அளக்கவில்லை. படித்திறனும் அலகோடு சேர்ந்து மாறும், ஆனால் அது தன் அலகைச் சொல்லிக்கொண்டு மாறும். நாளுக்கு 2.29 ரூபாய், கிழமைக்கு 16 ரூபாய். இரண்டும் ஒன்றே என்று எவருக்கும் விளங்கும். 66.37 பாகையும் 86.42 பாகையும் ஒன்றே என்று எவருக்கு விளங்கும்?

30 வருடம் இதைக் கரும்பலகையில் எழுதியவள், கோபிக்க வேண்டாம். (தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: நாங்கள் படித்திறன் என்பதைத்தான் நீங்கள் சாய்வு என்கிறீர்கள். ஆரையன் உங்களுக்கு ரேடியன்.)


சாய்தளம் | திங்கள் மதியம் 12.48

ரீச்சருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. நான் கட்டட வரைபடம் போடுபவன். எனக்கு இரண்டு அச்சும் மீற்றர். அங்கே கோணம் உண்மையான கோணம், கொங்கிறீற்றில் தொட்டுப் பார்க்கலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1 என்றால் 4.76 பாகை, யார் எந்த அலகில் அளந்தாலும் அதுதான். ஆகவே "கோணமே எடுக்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. சதவீதத்தையும் பாகையையும் குழப்புபவர்கள் ஏராளம். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் பாதை, 15 சதவீதம் என்று வரைந்து கொடுத்தேன். மேற்பார்வைக்கு வந்தவர் அதை 15 பாகை என்று வாசித்துவிட்டு, காரின் வயிறு தட்டும் என்று சத்தம் போட்டார். 15 சதவீதம் வெறும் 8.53 பாகை. 100 சதவீதம்கூட 45 பாகைதான், செங்குத்து இல்லை. அவருக்கு அதைக் காட்டத்தான் முதன்முதலில் பைதான் திறந்தேன். அன்று தொற்றிய வியாதி.

என் மாதிரி வேலைக்கு செட் ஆஸ்பெக்டில் ஈக்வல் என்று கொடுத்துவிட்டால் போதும். இரண்டு அச்சிலும் ஓர் அலகு ஒரே நீளமாகும், தரவின் கோணமும் தாளின் கோணமும் ஒன்றாகிவிடும்.


வெள்ளவத்தைப் பொடியன் | திங்கள் இரவு 8.15

சாய்தளம் அண்ணா சொன்ன ஈக்வலை என் வரைபில் போட்டுப் பார்த்தேன். நாள் கணக்கில் படம் ஒல்லியாக நிமிர்ந்து நின்றது. கிழமைக் கணக்கில் 10க்கு 160, நூல் மாதிரி ஆகிவிட்டது. அச்சு எண்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே கறுப்பு. எனக்கு இது சரிவராது.

கரையோர ரயில் அண்ணாவின் பிக்சல் வழியையும் செய்தேன். கோட்டை வரைந்தேன், உடனே அடுத்த வரியில் டிரான்ஸ்ஃபார்ம், பிறகு ஏடான்2, டிகிரீஸ். 59.58 வருகிறது. 66மும் இல்லை, 37உம் இல்லை. மூன்றாவது கோணம் ஒன்று இருக்கிறதா?


கொட்டாஞ்சேனைக் குசும்பன் | திங்கள் இரவு 8.22

மூன்றையும் கூட்டி மூன்றால் வகு. மார்க் போடுபவர் களைத்துவிடுவார்.


கரையோர ரயில் | திங்கள் இரவு 9.40

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். சொல்ல மறந்தது என் பிழை.

கோட்டை வரைந்தவுடன் மேட்பிளாட்லிப் அச்சின் எல்லைகளைக் கணக்கிடுவதில்லை. படத்தை உண்மையில் திரையில் தீட்டும் நேரம் வரும்வரை தள்ளிப்போடும். நீங்கள் டிரான்ஸ்ஃபார்மைக் கூப்பிட்ட கணத்தில் இரண்டு அச்சும் இன்னும் 0 முதல் 1 வரை என்றே இருந்தன. பெட்டி 496 பிக்சல் அகலம், 369.6 பிக்சல் உயரம் (அங்குலத்துக்கு 100 பிக்சல்). ஆகவே உங்கள் 2.2857 அந்த 0.745ஆல் பெருக்கப்பட்டு 1.703 ஆகியிருக்கிறது. அதன் ஏடான் 59.58. எண் பிழையில்லை, கேட்ட நேரம்தான் பிழை.

மருந்து: டிரான்ஸ்ஃபார்முக்கு முன்னால் ஒருமுறை படத்தின் கேன்வாஸில் டிரா என்று கூப்பிடுங்கள். அல்லது எக்ஸ்லிம், வைலிம் (அச்சுகளின் எல்லைகள்) இரண்டையும் நீங்களே சொல்லி நிறுத்திவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். எல்லை என் கையில் இருந்தால் பிறகு திடுக்கிட வேண்டியதில்லை. உங்கள் கோட்டுக்கு, டிரா செய்த பிறகு கிடைத்தூரம் கிட்டத்தட்ட 451 பிக்சல், நிலைத்தூரம் 336 பிக்சல் வர வேண்டும். கோணம் 36.69.

எழுத்தைத் திருப்புவது மட்டும்தான் தேவை என்றால் இந்தப் பாடே வேண்டாம். மேட்பிளாட்லிப் பதிப்பு 3.4இலிருந்து டெக்ஸ்டுக்கு டிரான்ஸ்ஃபார்ம் ரொட்டேட்ஸ் டெக்ஸ்ட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதை ட்ரூ என்று வைத்து, ரொட்டேஷனில் 66.37ஐயே கொடுங்கள். தாளில் அது எத்தனை பாகை என்று தீட்டும் நேரத்தில் அதுவே பார்த்துக்கொள்ளும். சன்னலைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினாலும் எழுத்து கோட்டோடேயே திரும்பும். ரொட்டேஷன் மோடை ஆங்கர் என்று வைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் எழுத்து கொஞ்சம் தள்ளி உட்காரும்.


முச்சக்கரம் | செவ்வாய் காலை 7.55

பேருந்தில் நின்றுகொண்டு தட்டுகிறேன், எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஏடான், ஏடான்2 இரண்டையும் ஒன்றுபோலக் கதைக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. என் கைத்தொலைபேசி ஜிபிஎஸ் பதிவை வைத்து, காலி வீதியில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் திசையைக் கணக்கிட்டேன். தெற்கே போகிறோம், கொஞ்சம் கிழக்கே சரிகிறோம். ஏடான் மறை 74 தந்தது. மாலையில் திரும்பி வந்த பதிவைப் போட்டேன். அதுவும் மறை 74! காரணம் எளிது: திரும்பும்போது மேல் எண்ணும் மாறும், கீழ் எண்ணும் மாறும். மறையை மறையால் வகுக்கும்போது போன திசை தொலைந்துவிடுகிறது. ஏடான் மறை 90க்கும் 90க்கும் இடையில்தான் பேசும். ஏடான்2 இரண்டு எண்ணையும் தனித்தனியே வாங்குவதால் மறை 180 முதல் 180 வரை முழு வட்டத்தையும் பார்க்கும். போகும்போது மறை 74, வரும்போது 106.

நேர் செங்குத்தான கோட்டில் பைதானில் வகுத்தால் ஸீரோ டிவிஷன் எரர் வந்து விழும். ஏடான்2 வகுப்பதே இல்லை, 90 என்று அமைதியாகச் சொல்லும்.

கவனம்: ஏடான்2வுக்கு முதலில் கொடுக்க வேண்டியது நிலைத்தூரம், பிறகுதான் கிடைத்தூரம். ஆள்கூறு எழுதும் வரிசைக்கு நேர்மாறு. இதை மாற்றிக் கொடுத்து ஒரு நாள் முழுக்க வீணாக்கியிருக்கிறேன். அதன் பிறகு பெயர்களைத் தமிழில் வைக்கத் தொடங்கினேன். பைதான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரை ஏற்கும் என்று பலருக்குத் தெரியாது. இறக்கும்போது ஃபங்ஷன்களுக்கும் தமிழில் பெயர் சூட்டிவிட்டால் இப்படி எழுதலாம்:

நிலை = ந2 - ந1
கிடை = க2 - க1
கோணம் = பாகை(ஏடான்2(நிலை, கிடை))
திசை = (90 - கோணம்) % 360

கடைசி வரி வடக்கிலிருந்து வலம் சுற்றி அளக்கும் திசை. எனக்குப் போகும்போது 164, வரும்போது 344. 90இலிருந்து 106 போனால் மறை 16 வரும். வகுத்த மீதியைத் தரும் பைதானின் சதவீதக் குறி அதை 344 என்று நேராக்கித் தரும். சி மொழியில் மீதி எடுத்தால் மறை 16ஆகவே நிற்கும்.


இணைந்த கணிதம் ரீச்சர் | செவ்வாய் காலை 10.12

முச்சக்கரம், ஒரு கேள்வி. அகலாங்குப் (வடக்கு தெற்கு) பாகையும் நெட்டாங்குப் (கிழக்கு மேற்கு) பாகையும் நிலத்தில் ஒரே நீளமில்லையே? அதைத் திருத்தினீர்களா?


முச்சக்கரம் | செவ்வாய் மதியம் 1.30

திருத்தவில்லை ரீச்சர், பிடித்துவிட்டீர்கள். ஆனால் கொழும்பு கிட்டத்தட்ட 6.9 பாகை வடக்கில் இருக்கிறது. அதன் கோசைன் 0.993. ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை, ஜிபிஎஸ்ஸின் தடுமாற்றமே அதைவிட அதிகம். லண்டனில் இருந்து செய்திருந்தால் கோசைன் 0.62, மாட்டியிருப்பேன். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்ததில் இப்படியும் ஒரு லாபம்.


சாய்தளம் | செவ்வாய் மாலை 5.05

இரண்டு கோட்டுக்கு இடைப்பட்ட கோணம் வேண்டுமானால்? பள்ளியில் படித்த சூத்திரம் இருக்கிறதே, படித்திறன்களின் வித்தியாசத்தை, 1உடன் அவற்றின் பெருக்கத்தைக் கூட்டியதால் வகுப்பது. சுவருக்கும் தரைக்கும் போட்டால் ஒவ்வொரு முறையும் எரர்தான்.


கரையோர ரயில் | செவ்வாய் மாலை 5.50

சுவரின் படித்திறனே முடிவிலி, சூத்திரத்துக்குள் போகுமுன்பே மாட்டும். செங்குத்தில்லாத இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருந்தாலும் பெருக்கம் மறை 1, கீழ் எண் பூச்சியம். அந்தச் சூத்திரம் பரீட்சைத் தாளுக்கு நல்லது. நிரலில் இரண்டு கோட்டுக்கும் தனித்தனியே ஏடான்2 எடுத்து, கழித்து, 180ஆல் வகுத்த மீதியை எடுங்கள். 90க்கு மேல் வந்தால் 180இலிருந்து கழியுங்கள்.


கொட்டாஞ்சேனைக் குசும்பன் | செவ்வாய் இரவு 9.02

எல்லோரும் கணக்குப் போடும் நேரத்தில் நான் ஒரு கெட்ட வேலை செய்தேன். தம்பியின் அதே இரண்டு புள்ளி, படத்தின் அளவு மட்டும் மாற்றம். 12 அங்குல அகலம், 4 அங்குல உயரம்: ரூபாய் 18 பாகையில் மெல்ல நடந்து போகிறது. 4 அகலம், 8 உயரம்: 63 பாகையில் தலைகீழாகப் பாய்கிறது. சரி, டொலர் பாய்கிறது. ஒரே தரவு!

முதல் நாள் "கோணமும் சரி" என்று எழுதினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்குகிறேன். செய்தித்தாளில் வரும் வரைபுகளை இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை.


கரையோர ரயில் | செவ்வாய் இரவு 9.35

அது கெட்ட வேலை இல்லை, பழைய ஆராய்ச்சி. 1988இல் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லாந்தும் அவருடன் இருந்தவர்களும் வரைபின் அகல உயர விகிதத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். கோட்டுத் துண்டுகள் 45 பாகையை ஒட்டி நிற்கும்படி விகிதத்தை வைத்தால், எது அதிகம் சரிகிறது, எது குறைவு என்று கண்ணால் பிரித்தறிவது எளிது என்பது அவர்கள் வாதம். தாளின் கோணத்தை நாமே தெரிந்தெடுக்கிறோம் என்பது இதில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. அப்படித் தெரிந்தெடுத்த கோணத்தை எண்ணாக எழுதி, இதுதான் ரூபாயின் கோணம் என்று சொன்னால்தான் வில்லங்கம்.


வெள்ளவத்தைப் பொடியன் | புதன் இரவு 7.48

எல்லோருக்கும் நன்றி. டிரா செய்த பிறகு 36.69 வந்தது, பாகைமானியோடு பொருந்துகிறது. கடைசியில் டிரான்ஸ்ஃபார்ம் ரொட்டேட்ஸ் டெக்ஸ்டைத்தான் வைத்தேன். சன்னலை இழுத்து இழுத்துப் பார்த்தேன், எழுத்து கோட்டை விடவே இல்லை.

என்ன எழுதுவது என்பதில்தான் தயங்கினேன். ஒப்படையில் "கோணத்தைக் குறிக்கவும்" என்று இருக்கிறது. கோட்டின் மேல் "நாளுக்கு 2.29 ரூபாய்" என்று எழுதிவிட்டு, படத்துக்குக் கீழே சின்னதாக "இந்த அளவுப் படத்தில் கோடு 36.7 பாகை சாய்ந்து தெரியும். அலகு நாள் என்று கொண்டால் ஏடான் 66.4 பாகை" என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.


இணைந்த கணிதம் ரீச்சர் | புதன் இரவு 8.10

மார்க் குறைத்தால் எனக்குச் சொல்லுங்கள் தம்பி.


வெள்ளவத்தைப் பொடியன் | புதன் இரவு 8.14

சரி ரீச்சர். பாகைமானியை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, தங்கை தேடிக்கொண்டிருக்கிறாள்.